இண்டி பேரு இல்லாதவர்கள்

எனக்கு இண்டி பேரு கிடையாது. ஆந்திராவில் பிறந்து, படித்து, இப்போது திருப்பதியில் வேலை பார்க்கிறேன், இருந்தும் கிடையாது. தெலுங்குக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், அதுதான் இண்டி பேரு. நகரித் தமிழர்களான எங்களுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் "நீ இண்டி பேரு ஏமி?" என்று கேட்டார். "கே" என்றேன். "கே அன்டே?" என்றார், கே என்றால் என்ன என்று. "கே அன்டே கே" என்றேன். வகுப்பே சிரித்தது. வாய்த்துடுக்கு என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். இறங்கும்போதும் நான் கே தான்.

அந்த ஒற்றை எழுத்து வேலையிலும் என்னைத் தேடிக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை.

எங்கள் கம்பெனி சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் தருகிறது. குப்பம், சித்தூர், கங்காதர நெல்லூர், நகரி என்று எல்லா ஊர் நோயாளிகளின் விவரமும் கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரே டேட்டாபேஸில் கிடக்கிறது. ஒரே காம்பவுண்டில் பல குடித்தனம், எல்லாருக்கும் ஒரே மோட்டார் என்ற கதைதான். ஒரு வீட்டில் குழாயை முழுசாகத் திறந்தால் அடுத்த வீட்டில் சொட்டும். அதைக் கவனிக்க ஒரு கருவி போட்டோம். எந்தத் தேடல் மெதுவாகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும், அதுவே சரிசெய்யும். சரிசெய்வது என்றால், அதிக நேரம் எடுக்கிற ஆஸ்பத்திரியை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடும். மற்றவர்களுக்கு வேகம் கிடைத்துவிடும். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

கருவி முதலில் பிடித்தது நகரி கிளினிக்கை. காலையில் அங்கே கவுன்டரில் இருக்கும் பெண் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, பேர் அடிச்சா சுத்திக்கினே கீது. சுகர் டெஸ்ட்டுக்கு எல்லாம் வெறும் வயித்தோட நிக்கிறாங்க. ஒரு பெரியம்மா தலை சுத்துதுன்னு குந்திக்கிச்சு. உங்க நைனாவும் வந்துக்கீறாரு."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அவள இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ற? நான் நின்னுக்கினே இருக்கேன்." விசைத்தறியில் நின்று நின்றே பழகியவர். ஆனால் சர்க்கரை உள்ள உடம்பு, வயிற்றில் ஒன்றும் இல்லை.

மேனேஜரிடம் போனேன். திருப்பதிக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். "ஏமம்மா, அந்த கஸ்டமர் டேட்டாவே சரியில்ல. இண்டி பேரு இடத்துல ஒரு எழுத்து போட்டா எப்படி? மூணு எழுத்துக்குக் குறைஞ்சா எடுத்துக்கக் கூடாதுன்னு ரூல் போடு. அய்போயிந்தி, வேலை முடிஞ்சுது."

நான் மாட்டேன் என்றேன். வேறொருவரை வைத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். போன் செய்து கேட்டால் அந்தப் பெண், "இண்டி பேரு இல்லாம சேக்க மாட்டேன்னுதே அக்கா. இன்னா இண்டி பேருன்னு கேட்டா வர்றவங்க முழிக்கிறாங்க. அதான் எல்லாருக்கும் 'நகரி'ன்னு போட்டுட்டேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பங்காளிகளாகிவிட்டார்கள். ஆனால் கருவிக்கு நகைச்சுவை தெரியாது. 'இந்த வாடிக்கையாளரைப் பொது டேட்டாபேஸிலிருந்து நீக்கலாம்' என்று பரிந்துரை அனுப்பியது. மேனேஜர் தலையாட்டினார். நீக்கினால் தனி இடம் எடுக்க அந்தக் கிளினிக்குக்கு வசதி இல்லை. அவர்களுடைய பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் எங்களிடம்தான்.

கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். அந்தத் தேடல் எந்த வழியாகப் போகிறது என்று திறந்து பார்த்தேன். முதலில் இண்டி பேரை வைத்து வடிகட்டுகிறது. தெலுங்கு ஊர்களில் அப்படி வடிகட்டினால் நாலைந்து குடும்பம்தான் மிஞ்சும், வேலை சுளுவாக முடியும். நகரியில் எல்லாரும் எம், கே, எஸ். இப்போது எல்லாரும் நகரி. பஸ் ஸ்டாண்டில் போய் 'சட்டை போட்டவர்' என்று ஆளைத் தேடினால் எப்படி இருக்கும், அப்படி. யார் தாமதிக்கிறார்கள் என்று கருவிக்குத் தெரிந்தது. ஏன் என்று அதை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

"சார், தப்பு அவங்க பேர்ல இல்ல, நாம தேடற வழியில" என்றேன்.

"ஊருக்கெல்லாம் ஒரு வழி, நகரிக்கு ஒரு வழியா?"

"ஆமா சார். எங்களுக்கு இண்டி பேரு கிடையாது. இனிமேலும் வராது. வெளிய அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. நகரியை அனுப்ப விட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

சொந்தப் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துத் தேட ஒரு புது இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, போட்டு நகரியின் தேடலை அந்த வழிக்குத் திருப்பினேன். ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எத்தனை பேரைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்று பார்க்காமல் யாரையும் கடைசிக்குத் தள்ளக்கூடாது என்று கருவிக்கும் கட்டளை வைத்தேன். மூன்றெழுத்து ரூலை எடுத்தேன். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்ணின் போன்.

"அக்கா, நைனா வந்துக்கீறாரு. பேர் அடிச்சேன், டக்குனு வந்துச்சு. ஆனா முன்னால நகரின்னே கீது. அப்படியே உட்டுடட்டுமா?"

"உடாத. எடுத்துட்டு எம்னு போடு, எங்க தாத்தா பேரோட எழுத்து."

"எம் மட்டுமா? சிஸ்டம் எதனா கேக்கப் போவுது அக்கா."

"கேட்டா, எம் அன்டே எம்னு சொல்லு."