அலுங்காமல் வைத்த மருந்து

அப்பா ஊற்றிய தேநீர் கோப்பைக்கு வெளியே விழுந்ததுதான் முதல் அறிகுறி. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் முப்பது வருடம் தேநீர் ஆற்றியவர். பார்க்காமலே ஊற்றுகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பார்த்துத்தான் ஊற்றியிருக்கிறார்.

வலது கண்ணில் கிருமித் தொற்று. அது ஆறியும் கார்னியாவில் (கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலம்) வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். பள்ளிக்கூடம் போயிருந்தால் வாத்தியாராவது கண்டுபிடித்திருப்பார். ஆக, இருந்தது ஒரு கண்தான். இறந்துபோன யாரோ ஒருவரின் கார்னியாவை அதில் பொருத்தினார்கள்.

கட்டுப் பிரித்த அன்று என்னைப் பார்த்து, "என்னடா, இவ்வளவு கறுத்துட்டே?" என்றார்.

"அவன் எப்பவுமே அப்படித்தாங்க," என்றார் அம்மா.

பிறர் கொடுத்த படலத்தை நம் உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து, தினமும் நான்கு வேளை, பல மாதங்களுக்கு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துப் பெட்டி எல்லாம் என் கைக்குத்தான் வரும். புட்டியை நிமிர்த்தி வைக்கும்படி பெட்டியில் இருந்தது. "அப்பா, இத அலுங்காம குலுங்காம வச்சுக்கங்க," என்றேன். பத்திரமாக என்ற அர்த்தத்தில் நாம் எல்லோரும் சொல்வதுதான். நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடவும் என்றும் அதே பெட்டியில் இருந்தது. அதை அன்று படித்தேனா என்று எனக்கு நினைவில்லை.

முதல் மூன்று மாதம் பேர்பெற்ற நிறுவனத்தின் மருந்து. பார்வை நன்றாகவே இருந்தது. பிறகு ஜெனரிக் (அதே மருந்தை வேறு நிறுவனம் தயாரிப்பது) கொடுத்தார்கள்.

"பெட்டி மாறியிருக்கே, மருந்தும் மாறிடுச்சா?"

"ரெண்டுலயும் ஒன் பெர்சென்ட்தான்பா. பேரு மட்டும்தான் வேற."

"படிச்சவன் சொன்னா சரி."

ஐந்தாவது வாரம் கண் சிவந்தது. "வெயில்ல நின்னேன்லா, அதான்," என்று இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் காலையில், விளக்கைச் சுற்றிப் புகையாக இருக்கிறது என்றார்.

மருத்துவர் தமிழ்ப் பெண்மணி. நிராகரிப்பு (பொருத்திய படலத்தை உடம்பு ஏற்க மறுப்பது) தொடங்கிவிட்டது என்றார். வீட்டில் எப்படி மருந்து விடுகிறீர்களோ அப்படியே விட்டுக் காட்டச் சொன்னார். அப்பா பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். சுற்றிலும் துணி திணித்து, நடுவில் புட்டியை நிறுத்தியிருந்தார். எம்ஆர்டி ரயிலில் வழி முழுக்க அந்தப் பையை அவர் மடியில் பிடித்துக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு விரலால் புட்டியை மெல்லத் தூக்கி, மெல்லச் சாய்த்து, ஒரு சொட்டு விட்டார்.

"அங்கிள், குலுக்க மாட்டீங்களா?"

"குலுங்கக் கூடாதுன்னு பையன் சொல்லியிருக்கான் டாக்டர். நான் அலுங்க விடுறதே இல்ல."

மருத்துவர் என்னைப் பார்க்காமல் அவரிடமே விளக்கினார். இந்த மருந்து தண்ணீரில் கரையாது, பொடியாக மிதக்கும். சில நிறுவனங்களின் பொடி வெகுநேரம் மிதக்கும், சிலவற்றில் சீக்கிரம் அடியில் தங்கிவிடும். குலுக்கினால்தான் ஒவ்வொரு சொட்டிலும் அந்த ஒரு சதவீதம் இருக்கும்.

"மைலோ மாதிரியா டாக்டர்? கலக்காம குடிச்சா மேல வெறும் தண்ணி?"

"அதேதான் அங்கிள்."

"அட, முன்னாடியே சொல்லியிருந்தா ஆத்தியே ஊத்தியிருப்பேன்லா!" என்று சிரித்தார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

நான் திரும்பி வந்ததும், சரியாக மருந்து விட்டாலும் சிலருக்கு நிராகரிப்பு வரும், இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து, பழைய மருந்தில் மீதியிருந்த புட்டியைத் தேடி எடுத்தேன். ஒரு கறுப்புத் தட்டில் இரண்டிலிருந்தும் குலுக்காமல் ஒவ்வொரு சொட்டு விட்டேன். பழையது பால் போல இருந்தது. புதியது ஏறக்குறைய தண்ணீர். குலுக்கிவிட்டு மறுபடி விட்டேன். இரண்டும் ஒரே வெள்ளை.

அதன் பிறகு மணிக்கொரு முறை நானே குலுக்கி விட்டேன். மாத்திரையும் கொடுத்தார்கள். படலம் தெளியவில்லை. இப்போது அப்பாவுக்கு வெளிச்சமும், முகத்துக்கு முன்னால் ஆடும் கையும் தெரியும். இன்னொரு முறை பொருத்திப் பார்க்கலாம், ஆனால் வாய்ப்புக் குறைவு என்றார்கள். "வேணாம். இன்னொருத்தர் கண்ணையும் வீணாக்க வேணாம்," என்றார் அப்பா. என்னை மனதில் வைத்து அதைச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சொன்னது போலவே இருந்தது.

ஜெனரிக் மருந்து வேண்டாம் என்று நான் எழுதவில்லை. நிறையப் பேருக்கு அதுதான் பார்வையைக் காப்பாற்றுகிறது. உங்கள் வீட்டில் புட்டி மாறினால் சதவீதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். குலுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மருந்து விடுபவரை உங்கள் முன்னால் ஒருமுறை விடச் சொல்லிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

இப்போது வெளியே போனால் அப்பாவின் கை என் தோளில் இருக்கும். நடைபாதை விளிம்பு, பேருந்து வாசல், எது வந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்நேரமும் ஒரு விநாடி முன்னால்தான் நான் இருக்கிறேன். போன வாரம் வேலைக்குத் தனியாகப் போகும்போது, பொங்கோல் நிலையத்தில் என் கால் தானாக நின்றது. "படி, அப்பா," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பின்னால் வந்த பெண் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.