யானையை அழ வைத்த ஆப்

குழந்தைகளுக்கு ஆப் செய்யும் முதலாளிகளில் நான் பார்த்த பாதிப் பேருக்குக் குழந்தை என்றால் உயரம் குறைந்த வாடிக்கையாளர். மீதிப் பேர் அந்த அளவுக்குக்கூட யோசித்ததில்லை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் நான் டிசைனராக இருந்த கம்பெனியின் முதலாளி இரண்டாம் வகை.

நான்கு வயதுக் குழந்தைகளுக்கு எண் சொல்லித்தரும் ஆப் அது. அதில் ஒரு குட்டி யானை வரும். குழந்தை வெளியேறும் பட்டனைத் தொட்டால் யானை தேம்பி அழ வேண்டும் என்றார் முதலாளி.

"வேண்டாங்க சார். அந்த வயசுல பொம்மைக்கும் உசுரு இருக்குன்னு நெசமாவே நம்புவாங்க. குழந்தை உளவியல்ல இது அரிச்சுவடிங்க" என்றேன்.

"நம்பட்டுமுங்க அம்மணி. அப்பத்தான எந்திரிச்சுப் போகாது" என்றார்.

நான் படித்த படிப்புக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

போத்தனூரில் ஒரு மழலையர் பள்ளியில் டெஸ்டிங் வைத்தோம். முதலாளியும் வந்திருந்தார். யாழினி என்ற சிறுமி சிரித்துச் சிரித்து விளையாடினாள். அவள் அம்மா வந்து, "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றதும் பட்டனைத் தொட்டாள். யானை அழுதது. பதறி மறுபடி விளையாட்டுக்குள் போனாள், யானை சிரித்தது. மறுபடி தொட்டாள்; அழுதது. கொஞ்ச நேரத்தில் அவளும் அழத் தொடங்கினாள். டிபன் டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த தயிர்சாதத்தை யானையின் வாயில் வைத்துத் தேய்த்தாள். திரையெல்லாம் சோறு.

"நாம போனா அது அழுகுதும்மா. அதுக்கு யாருமே இல்ல."

அந்த அம்மா முதலாளியிடம் திரும்பினார். "ஏனுங்க, கொழந்தைய அழ வெக்கறதுக்கா இத்தன பேரு உக்காந்து வேல செய்யறீங்க?"

முதலாளி என் காதருகே குனிந்து, "பாத்தீங்களா, எந்திரிக்கவே மாட்டீங்குது. சூப்பருங்க" என்றார்.

மறு வாரம் யானையை மாற்றினேன். பட்டனைத் தொட்டால் கொட்டாவி விட்டுச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு யாழினியிடமே காட்டினேன். முதலில் டேப்லெட்டைத் தொடவே பயந்தாள். பிறகு விளையாடினாள். யானை படுத்ததும் திரையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊஞ்சலுக்கு ஓடினாள்.

"இப்படித் தூங்கிப்போட்டா கொழந்த போயிருமேங்க" என்றார் முதலாளி.

"போகோணுங்க சார். அதுக்குத்தான் செஞ்சேன்."

அவர் அழுகிற யானையையே வெளியிட்டார். விளம்பரத்தில், 'குழந்தை மனம் அறிந்த ஆப்' என்று போட்டிருந்தார். நான் வேலையை விட்டேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தை எவ்வளவு நேரம் ஆப்பில் இருந்தது என்று ஒருவர் பெருமை பேசினால், அது எப்படி எழுந்து போனது என்று கேளுங்கள். அவர் விழித்தால் வேறு வேலை தேடுங்கள்.