வெயிலுக்குக் கட்டிய டின்

டொக்டர் மாதக்கணக்கில்தான் சொன்னார். வருடம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. என் புருஷனுக்குக் கணையத்தில் கான்சர். வீட்டுக்கு வந்த மனுசன் அழவுமில்லை, என்னைத் தேற்றவுமில்லை. யூடியூப்பில் எதையோ பார்த்துவிட்டு, ஒரு வெறும் பியர் டின்னைக் கழுவித் தரச் சொன்னார்.

"உதென்னப்பா விசர் வேலை?" என்றேன்.

ஊசித்துளைக் கமராவாம். லென்ஸ் இல்லை, பட்டன் இல்லை. டின்னின் பக்கத்தில் ஊசியால் ஒரு துளை, உள்ளே போட்டோப் பேப்பர், வாயை மூடக் கறுப்பு டேப். வெளியில் கட்டி மாதக்கணக்கில் விட்டால், சூரியன் போகும் பாதை நாளுக்கொரு கோடாகப் பேப்பரில் விழுமாம்.

"நான் இருக்கிற நாளெல்லாம் கோடா விழும். பிறகு நீர் எடுத்துப் பாரும்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயைக் கழுவுங்கோ!" என்று கத்தினேன். ஆனாலும் குளியலறையை இருட்டாக்கி, கதவின் கீழே துவாயைச் செருகி, பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்தவள் நான்தான்.

ஏணியில் ஏறியதும் நான்தான். அவர் கீழே போர்வையோடு கதிரையில் இருந்து, வீடியோவில் சொன்னதை அப்படியே சொன்னார். "தெற்கைப் பார்க்கக் கட்டும். ஆடாமல் இறுக்கும்." மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்வேலித் தூணில் இறுக்கினேன்.

குளிர்காலம் முழுவதும் டின் அங்கே இருந்தது. இவர் மெலிந்துகொண்டே போனார். சோறு போய்க் கஞ்சி வந்தது, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. வெயில் எறித்தால் மட்டும் முகம் தெளியும்.

"இண்டைக்கு ஒண்டு விழுந்திருக்கும்," என்பார்.

"ஓமப்பா," என்பேன்.

ஒகஸ்டில் அவருக்குப் பொறுக்கவில்லை, கழற்றி வரச் சொன்னார். அந்தப் பேப்பரைக் கழுவத் தேவையில்லை, எடுத்ததுமே படம் தெரியும். தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கூரை, வேலி, எலுமிச்சை மரம். கோடு ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வீடியோக்காரன் பூமியின் வடபாதியில் இருப்பவன், நாங்கள் தென்பாதியில். இங்கே சூரியன் வடக்குப் பக்கத்தால் அல்லவா போகும்! இருபது வருடமாக இந்த நாட்டில் வடக்குப் பக்கம் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிறவள் நான். வீடு வாங்கும்போதுகூட, வெயில் விழ முன்கூடம் வடக்கைப் பார்க்கிறதா என்று கேட்டுத்தான் வாங்கினோம். சனியன் பிடித்த மூளை அன்றைக்கு எங்கே போனதோ.

"அப்ப நான் இருக்கேல்லையோ?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார். சிரிக்கப் போய் இருமினார். அவர் முன்னால் முதல்முறையாக நான் அழுதேன்.

புதுப் பேப்பர் போட்டு, வடக்கைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் மழை. முகிலுக்குள் இருக்கும் சூரியன் கோடு போடாது. அடுத்த கிழமையும் மழை. அதற்குள் அவர் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் வெயில் எறித்தது, கண் கூசும் வெயில். இன்றைக்கும் எறிக்கிறது. டின்னைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அது தூணிலேயே இருக்கிறது. அவர் இல்லாத நாளுக்கெல்லாம் கோடு விழுந்துகொண்டிருக்கிறது.