ஆறு மாதப் படிப்பு

பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் கொடுக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த காலம். எனக்கு அந்த வாசல் சில புள்ளிகளால் மூடிவிட்டது. மானிப்பாயில் மோட்டர் சுற்றப் பழக்கும் ஆறு மாத வகுப்பொன்றில் சேர்ந்து, இணுவிலிலிருந்து சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் மாஸ்டர் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்து வாசித்தார். கொழும்பிலிருந்து கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, வந்து சேரவே அது பல மாதங்கள் எடுத்திருந்தது. குறுகிய காலத் தொழிற்பயிற்சி பெறுகிறவர்களுக்கும் இனி உதவிப்பணம் உண்டு, பயிற்சி முடியும்வரை கிடைக்கும் என்று அதில் இருந்தது.

முடியும்வரை என்ற சொல்லை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். என் பெயருக்கென்று அரசாங்கத்திடமிருந்து ஒன்று வருவது அதுதான் முதல் தடவை.

கிணற்றடி மோட்டர் எரிந்துபோனால் உள்ளேயிருக்கும் செப்புக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றவேண்டும். அதுதான் படிப்பு. ஆனால் குடாநாட்டில் மின்சாரம் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் புதுக்கம்பியும் வருவதில்லை. இருந்த கம்பியையே ஒருவர் சுற்றுவார், மாஸ்டர் பார்த்துச் சரி என்பார், பிறகு அதைக் குலைத்து அடுத்தவரிடம் கொடுப்போம். நாங்கள் சுற்றியது ஓடுமா ஓடாதா என்று ஒரு நாளும் தெரியாது.

எங்களில் ஆகத் திறமாகச் சுற்றியவர் குருநகரைச் சேர்ந்த ஒரு அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். கிழிந்த மீன்வலை பொத்திப் பழகிய கை, கம்பியில் ஒரு நெளிவு விழாது. ஷெல்லடியில் வீடு போய், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் மானிப்பாயில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தார். கடலுக்குப் போகத் தடை, கணவருக்குத் தொழில் இல்லை. வகுப்பு முடிந்தால் இருவரும் சந்திவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு கதைத்தபடி நடப்போம். “எனக்கு மோட்டரும் தெரியாது, கீட்டரும் தெரியாது. காசு தருகினம் எண்டுதான் வாறன்” என்று ஒளிக்காமல் சொல்வார்.

ஆறு மாதம் முடிந்தது. சோதனை எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வரவேண்டும். அவர் முன்னால் மோட்டரை மின்சாரத்தில் ஓடவிட்டுக் காட்டவேண்டும். அதிகாரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. சோதனை நடக்காததால் பயிற்சி முடியவில்லை. முடியாததால் உதவிப்பணம் வந்துகொண்டேயிருந்தது. நாங்களும் போய்க்கொண்டேயிருந்தோம். வரவு குறைந்தால் பணம் நின்றுவிடும். இடையில் விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதாக அப்பா கையெழுத்து வைத்திருந்தார். ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. யாராவது கேட்டால், படிக்கிறேன் என்று சொல்லவும் முடியாது, படித்துவிட்டேன் என்று சொல்லவும் முடியாது.

அப்போது அண்ணையின் கடிதம் வந்தது. அவர் கொழும்பில் ஒரு பட்டறையில் வேலை. அங்கே மோட்டர் சுற்ற ஆள் தேடுகிறார்கள், சேட்டிபிக்கேட் இல்லாவிட்டாலும் படித்ததற்கு ஒரு கடிதம் போதும் என்று எழுதியிருந்தார். குடாநாட்டை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் கேட்டாலும் படிப்பு முடிந்த கடிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

மாஸ்டரிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் எல்லோரிடமும் சொன்னார்: “எல்லாரும் ஒத்துக் கையெழுத்து வைச்சால் வகுப்பை முடிக்கலாம். சோதினை இல்லை. வந்து படிச்சதெண்டு கடிதம் தருவன். உதவிப்பணமும் அதோடை நிண்டிடும். ஒராள் மாட்டன் எண்டாலும் வகுப்பு இருக்கும். நாளைக்கு யோசிச்சுக்கொண்டு வாங்கோ.”

அன்றும் சந்திவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

“நீ வைப்பாய்தானே” என்றார்.

“அண்ணை எழுதிப்போட்டார், அக்கா.”

“ஓம். நீ போகத்தான் வேணும்.” கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னார்: “நான் வைக்காமல் விடலாம். பிறகு உன்ரை முகத்தைப் பாக்கேலாது. அதாலை வைக்கிறன்.”

அவர் அழுதிருந்தால், கெஞ்சியிருந்தால், நான் கட்டாயம் வைத்திருப்பேன். ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தாள் என்னிடம்தான் முதலில் வந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே அக்கா கம்பியைக் குலைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் வைக்கேல்லை, மாஸ்டர். சோதினை எடுத்திட்டுத்தான் போவன்.”

மாஸ்டர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார்.

இதைப் பெரிய மனம் என்று யாரும் எண்ணவேண்டாம். அன்றிலிருந்து எனக்கு அக்காமேல் கோபம். வகுப்பு முடிந்ததும் தனியே ஏறி மிதித்துவிடுவேன். அவர் கூப்பிட்டாலும் கேட்காததுபோல் போவேன். என் கால்களை நானே கட்டிவிட்டு, கயிறு அவர் கையில் இருப்பதாக நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. கணவரின் சொந்தக்காரர் மன்னாருக்குக் கூப்பிட்டார்களாம், குடும்பத்தோடு இரவோடிரவாக வள்ளத்தில் போய்விட்டார்களாம். கூடப் படித்த ஒரு பெண் சொன்னாள். “உம்மட்டைச் சொல்லேல்லையோ?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் நின்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு கச்சேரியிலிருந்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. ஆறு மாதப் பயிற்சிக்கு ஆறு மாதத்துக்கு மேல் உதவிப்பணம் இல்லை. இரண்டு கிழமைக்குள் வகுப்பு வெறுமையாயிற்று. மாஸ்டர் யாருடைய கையெழுத்தும் கேட்காமல் மூன்று வரியில் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

அதைக் கொண்டு பாஸ் கேட்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

“நீங்கள் திரும்பி வருவியள் எண்டதுக்குப் பிணை ஆர்?”

“அப்பா.”

அவள் ஒரு கொப்பியைப் புரட்டினாள். “உங்கடை அண்ணைக்கும் அவர்தானே நிண்டவர். அண்ணை திரும்பி வரேல்லையே.”

“வேலை கிடைச்சு நிண்டிட்டார்.”

“அப்ப அப்பா இன்னொராளுக்கு நிக்கேலாது. வேறை ஆள் கொண்டுவாங்கோ.”

வேறு ஆள் இல்லை. சொத்தையும் சுகத்தையும் எனக்காகப் பணயம் வைக்கிற மூன்றாம் மனிதர் யார்? அம்மா இரண்டு வீடுகளில் கேட்டுப் பார்த்தார். தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். பட்டறையில் வேறொருவரை எடுத்துவிட்டதாக அண்ணை எழுதியபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

கோயில் வீதியிலிருந்த பாலர் பாடசாலைக்கு ஆள் தேவை என்றார்கள். போனேன். பிறகு வந்த பெரும் இடம்பெயர்வில் ஊரே எழும்பிப் போகும்வரை அங்கேதான், பிள்ளைகளுக்கு ‘அ’னா எழுதப் பழக்கினேன்.