சம்பானில் ஏற்றக் கூடாதவை: லிவாய் மக்களோடு இரண்டு நாள்

பேசாமல் இருந்தது போதும். ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். சிலர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எதைப் பற்றி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் இங்கே வருவது பயண விவரத்துக்காக, ஆகவே முதலில் அது. வீடு மாறப் போவதால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டுரை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது சென்ற மார்ச்சில், ஒரு சனிக்கிழமை. அன்றைக்குச் சிம்பாங் ரெங்கத்தில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருந்தது. எனக்கு அங்கே போக விருப்பமில்லை. போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஜோகூரில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம் மிச்சமில்லை. லிவாய் மக்கள் இருக்கும் கழிமுகம் அதில் ஒன்று.

காலை ஆறரைக்கு ஜோகூர் பாருவிலிருந்து கிளம்பினேன். மூவாருக்கு நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர், டோல் இருபது ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சிம்பாங் ரெங்கம் வெளிவாசல் பாதி வழியில் வரும். நான் வலது தடத்திலேயே இருந்தேன். வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் அதற்கு முன்பே ஊற்றிக்கொள்ளுங்கள்.

மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஹனிபா பாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை லிவாய்களிடம் நண்டு வாங்கப் போகிறவர், அவர்கள் மொழி பேசுவார். போக வர, இரவு தங்கல் உட்பட 180 ரிங்கிட் கேட்டார். பேரம் பேசினேன், 180 ரிங்கிட்டுக்கே ஒத்துக்கொண்டேன்.

"ஹோட்டல் மாரி நெனைச்சிட்டு வராதீங்க அண்ணே. கொசு இருக்கு, அகாஸ் இருக்கு. எது மொதல்ல கடிக்கும்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும்" என்றார். அகாஸ் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கடற்கரைப் பூச்சி. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வாத்தியாரா?"

"இல்லை."

"அப்பறம் ஏன் கடையில எல்லாருக்கும் மார்க் போடுற மாரியே பாக்குறீங்க?"

ஊருக்குத் தெற்கே ஒரு மீனவர் துறையிலிருந்து இயந்திரப் படகில் ஒன்றேகால் மணி நேரம். கழியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் பயனில்லை, நீங்கள் போகும்போது அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

லிவாய்கள் சம்பான் என்ற சிறு மரப்படகில் வாழ்கிறவர்கள். சதுப்புக்காட்டுக் கரையில் பலகைத் தட்டு போட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து தங்குவார்கள். நண்டு குறைந்ததும் கிளம்பிவிடுவார்கள். இணையத்தில் ஒரு கட்டுரை இவர்களை மர்மமான மக்கள் என்கிறது. எழுதியவர் படகில் ஏறியதே இல்லை என்று நினைக்கிறேன். அங்கே முதலில் என் கண்ணில் பட்டது, காற்பந்துச் சட்டை போட்ட ஒரு பெண்மணி பிளாஸ்டிக் வாளியில் நண்டைக் கொட்டி ஹனிபாவோடு எடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததுதான். அவர் பெயர் சிபா. அந்தக் கூட்டத்தில் அவர் சொல்வதுதான் நடக்கும். என்னோடு மலாயில் பேசினார்.

"பொண்டாட்டி வரலையா?"

"இல்லை. யாரும் இல்லை."

"அப்ப ஒன்னோட சம்பான்ல எடம் நெறைய இருக்குமே. ஏன் மூஞ்சி மட்டும் பாரம் ஏத்தின மாரி இருக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹனிபாவும் சிரித்தார். 180 ரிங்கிட் வாங்கிக்கொண்டு.

இவர்களுக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை. ஒவ்வொரு கழிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது நம்பிக்கை. வரும்போது அவரிடம் அனுமதி கேட்பதில்லை. கிளம்பும்போதுதான் கணக்குத் தீர்க்கிறார்கள். பழைய அடுப்பின் சாம்பலில் ஒரு பிடி புது அடுப்புக்குப் போகும். இறந்தவர் அந்தச் சாம்பலோடு கூடவே வருகிறார் என்கிறார்கள். சம்பானில் ஏற்றக் கூடாதவை மூன்று: ஈர விறகு, கழுவாத பானை, சொல்லாத மனக்குறை. மூன்றும் சம்பானைக் கவிழ்க்கும். முதல் இரண்டும் எனக்குப் புரிந்தன.

மூன்றாவதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. தாரோ என்கிறார்கள், கீழே வைப்பது என்று பொருள். இடம் மாறுவதற்கு முந்தைய மாலை நடக்கும். நான் போன நாளே அந்த மாலையாக அமைந்தது. ஓர் ஓலைத் தட்டியை நட்டுவைக்கிறார்கள். குறை உள்ளவர் அதற்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார். மற்றவர்கள் தட்டிக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். பெயர் சொல்லக் கூடாது, உறவுமுறை சொல்லக் கூடாது. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் பதில் பேசக் கூடாது. குரல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

ஒரு பெண் குரல் பேசியது. ஹனிபா என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். "புள்ளைக்குக் காய்ச்சல். மருந்துக்குப் போக சம்பான் கேட்டாங்க. சம்பான் ஓட்டைன்னு சொன்னாங்க. அன்னிக்குச் சாயந்தரம் அதே சம்பான் நண்டுக்குப் போச்சு." அவ்வளவுதான். யாரும் தலையைத் திருப்பவில்லை.

பிறகு சிபா என்னைப் பார்த்தார். விருந்தாளியும் பேசலாமாம், தன் மொழியிலேயே. வேண்டாம் என்றேன். நாளைக்கு எங்க சம்பான் பக்கத்துலதான நீயும் வரப்போற என்றார். எழுந்து போனேன்.

தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தொடங்கினேன். வாயில் முதலில் வந்தது ஒரு பெயர். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஹனிபா இருமினார். "பேரு வேணாம் அண்ணே."

மறுபடி தொடங்கினேன்.

"மொறையும் வேணாம்."

மூன்றாவது முறை ஒன்றுமே வரவில்லை. ஆறு வருடமாகக் குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் நான் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் அந்த ஒரு பெயரில்தான் தொடங்கின. பெயரை எடுத்துவிட்டால் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அகாஸ் கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னும் வேகல" என்றார் சிபா. சோற்றைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

காலையில் நீர் ஏறும் முன் சாமான் ஏற்றினார்கள். தாரோவின் மறுபாதி இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தன்னைப் பற்றித்தான் சொன்னார்கள் என்று உணர்கிறவர், பேசியவரின் பானை ஒன்றை எடுத்துத் தன் சம்பானில் வைத்துக்கொள்வார். மன்னிப்புக் கேட்பது கிடையாது. முப்பது வயதிருக்கும் ஒருவர், ஓர் இளம்பெண்ணின் கரிப்பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் சம்பானின் நடுவில் வைத்தார். அவள் கயிறு கட்டுவதை நிறுத்தாமலே பார்த்தாள். தடுக்கவில்லை. அவளுக்குப் பிடிக்காவிட்டால் பானையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம்.

ஹனிபா என் பையைத் தூக்கினார். நான் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டார். "இது அதுக்கில்ல அண்ணே. பை வழியில கெடந்துச்சு, அதான்."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முழுக்கைச் சட்டையும் காலுறையும் கட்டாயம். குடிதண்ணீர் ஆளுக்கு ஆறு லிட்டர் எடுத்துப் போங்கள். அங்கே குடிதண்ணீர் விருந்தாளிக்குக் கொடுக்கும் அளவுக்கு இருக்காது. அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோனால் மகிழ்வார்கள், மிட்டாய் வேண்டாம். தட்டியைப் படம் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் போக வேண்டாம். முக்கியமாக, உங்களைப் பேசக் கூப்பிடுவார்கள். தயாராகப் போங்கள். நான் தயாராக இல்லை.

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

அப்பா விடியற்காலையில் இறந்தார். நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன், உடனே கிளம்பினேன். நீண்ட விடுமுறையின் முதல் நாள், ஜோகூருக்கு வரும் எல்லைப் பாலத்தில் பேருந்து நகரவில்லை. போன் செய்தேன். ஐந்து மணி வரை காத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. பேருந்தை விட்டு இறங்கிப் பாலத்தை நடந்து கடந்தேன். இந்தப் பக்கம் டாக்சி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். நாலு மணிக்கே எடுத்துவிட்டிருந்தார்கள். மூத்த மகன் நான். கொள்ளி வேறொரு கையால் வைக்கப்பட்டிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள்.

இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ஒரு பத்திகூட நிறையவில்லை. பாரம் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை.

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் இந்தத் தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே பெயரும் படமும் போடுவோம். இதற்குப் போடவில்லை. கருத்துப் பெட்டியையும் மூடிவிட்டேன். குரல் யாருடையது என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். பதில் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை வீடு மாறுகிறேன். லாரி காலை எட்டு மணிக்கு வரும். பானைகளை இன்னும் கட்டவில்லை.