'ழ'வின் நடுவில் ஒரு படி

டீச்சரின் சுட்டுவிரல், நான் மாதிரிக்கு மரத்தில் வெட்டியிருந்த 'ழ'வின் கீழ்ச்சுழிவில் நின்றுவிட்டது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து, மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. "இங்க ஒரு படி இருக்குதுண்ணா," என்றார். குனிந்து பார்த்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை. நகத்தை ஓட்டிப் பார்த்தபோதுதான் தடுக்கியது. அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

செவிலிமேட்டில் நான் மரப்பட்டறை தொடங்கி மூன்றாவது வருடம் அது. கதவும் அலமாரியும் செய்துகொண்டிருந்த என்னைத் தேடி டவுன் பஸ்ஸில் வந்தார். என் வயதுதான் இருக்கும். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் தமிழ் எடுத்தார். "பிரெயில் பசங்களுக்கு நல்லா வருது. ஆனா மத்தவங்க எழுதற 'அ' எப்டி இருக்கும்னு கேக்கறாங்க. வாயால எவ்ளோ சொல்றது? மரத்துல பள்ளமா வெட்டிக் குடுங்க, விரலு போயிப் பாக்கட்டும்," என்றார். என்னிடம் ஒரு கையில் அடங்கும் சின்ன ரவுட்டர் இருந்தது. அதன் அடியில் சுழலும் பிட்டு மரத்தைக் குடைந்து காடி எடுக்கும். இதென்ன பெரிய வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

'ழ' தோற்றுப்போன பிறகு, என் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. அவரை வாசலருகே ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, 'ண'வை ஒரே இழுப்பில் முழு ஆழத்துக்கு வெட்டத் தொடங்கினேன். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கவில்லை. மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை இடது கையால் அடியில் தாங்கியிருந்தேன். பாதியில் மெஷினின் சத்தம் தணிந்து முனகியது. எனக்கு அது காதில் விழுந்தது, இருந்தும் தள்ளினேன்.

"நிறுத்துங்கண்ணா!"

டீச்சர் எழுந்து நின்றிருந்தார். எரிச்சலோடுதான் சுவிட்சை அணைத்தேன். சுழற்சி அடங்கியதும் பார்த்தால், பிட்டு தன் பிடியிலிருந்து நழுவிக் கீழிறங்கி, பலகையைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அங்கிருந்து அரை அங்குலம் தள்ளி என் இடது கை விரல்கள். அவசரத்தில் பிட்டை இறுக்கும் நட்டை ஒரே ஒரு திருகு திருகிவிட்டு விட்டிருந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்தார். "எங்க வீட்டு மிக்ஸியில மஞ்சக் கெழங்கு போட்டா இப்டித்தான் மொனகும். இதக் கேக்கப் பெரிய காது ஒண்ணும் வேணாம்," என்றார். பிறகு, "உங்க விரல வாங்கிக்கினு எங்க பசங்களுக்கு எழுத்து வேணாம்ணா. மெதுவாவே பண்ணுங்க. எப்ப முடியுதோ அப்பக் குடுங்க," என்றார்.

நான்கு நாள் அந்த மெஷினைத் தொடவே இல்லை. ஐந்தாம் நாள், தெரிந்த வேலை என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிட்டை அதன் பிடிக்குள் போதுமான அளவு செலுத்தி, அடியில் முட்டாமல் ஒரு நூலளவு மேலே தூக்கி, இரண்டு ஸ்பானர் போட்டு இறுக்கினேன். பலகையை நான்கு மூலையிலும் கிளாம்ப் பிடித்தது. இரண்டு கையும் மெஷின் மேல் இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் மெல்லிய பலகையில் அச்சு செய்து, மெஷினின் அடிவளையம் அதன் ஓரத்தை ஒட்டியே போகும்படி வைத்தேன். பிட்டு சுழலும் போக்கிலேயே தள்ளினால் அது கையை இழுத்துக்கொண்டு ஓடும். எதிர்த்துத் தள்ளினால் அச்சை ஒட்டி அடங்கி நடக்கும். ஆழத்தை மூன்று தடவையாகப் பிரித்தேன். எழுத்தின் நடுவில் நின்றால் மரம் கருகி அங்கே ஒரு மேடு பள்ளம் விழும். அதனால் ஒரே சீரான வேகம். சத்தம் மாறினால் உடனே நிறுத்தினேன். எதையும் முதலில் கழிவுக் கட்டையில் வெட்டிப் பார்த்தேன்.

அடுத்த முறை வந்த டீச்சர் பன்னிரண்டு உயிரெழுத்தையும் மெதுவாகத் தடவினார். 'ஔ' முடிந்ததும் திரும்ப 'அ'விலிருந்து ஆரம்பித்தார். எங்கேயும் நிற்கவில்லை. "நானும் இப்பதான் முழுசாப் பாக்கறேன்," என்றார். அவருக்கும் இதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது அவர் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. சென்ற மாதம் ஊரையே மரத்தில் வரைபடமாக வெட்டித் தரச் சொன்னார். கோயில் வீதிகளை அகலமாகவும், பஸ் நிலையத்தை வட்டமாகவும், பாலாற்றை உள்ளங்கை முழுதும் பதியும் அளவுக்கும் வெட்டிக் கொண்டுபோனேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளி வாசலில் விரல் வைத்து, கடைத்தெரு தாண்டி, தாமல் போகும் ரோட்டில் மேற்கே நடந்தாள். விரல் பலகையின் ஓரத்துக்கு வந்து நின்றது.

"அண்ணா, இதுக்கு அப்பறம்?"

"பலகை அவ்ளோதாம்மா."

"ரோடு முடியலல்ல?"

"இல்ல. அது போய்க்கினே இருக்குது."

"அப்ப இன்னொரு பலகை போடுங்க," என்றாள். டீச்சர் சிரித்துவிட்டார். நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ரோடு முடிந்த இடத்தில் ஓரத்தின் அளவைக் குறித்துக்கொண்டேன்.