என் உயரத்துக்குக் கட்டிய கூடு

பொறாமையில் எனக்கு நிகராக அந்நாளில் புத்தூரில் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. எட்டு வயதுக்கு அது பெரிய விஷயம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிவப்பு ரிபன், அண்ணையின் புதுச் சிலேட்டு, அம்மாவின் மடியில் சுருண்டு கிடக்கும் பூனை என்று எதைக் கண்டாலும் எனக்கு வயிறு எரியும். ஆனால் ஒரு லொறியைக் கண்டு, அதுவும் ஆமிக்காரர் கழித்துவிட்ட பழைய லொறியைக் கண்டு, ஒரு மாதம் சோறு இறங்காமல் திரிந்தது அந்த ஒருமுறைதான்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் பலாலியை விட்டுக் கிளம்பியபோது அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றோடு ஒரு சின்ன லொறியும் வந்தது. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் வெறும் திறந்த தட்டு. அதை எங்கள் மாமா எடுத்தார். மாமா அம்மாவுக்கு நேரே இளையவர். ஆகாயக்கப்பல் இறங்கப் பலாலியில் தளம் போட்ட காலத்தில் அங்கே கல் ஏற்றும் லொறி ஓட்டப் பழகியிருந்தார். மற்றபடி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயமும் புகையிலையும்தான். கலியாணம் செய்யவில்லை. சகோதரிகள் இருவரையும் கரைசேர்த்த பிறகுதான் தன்னைப் பற்றி யோசிப்பது என்று இருந்து, யோசிக்கிற வயதையே தாண்டிவிட்டார் என்று ஐயா பகிடியாகச் சொல்வார்.

எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். முன்வீடு அம்மாவின் சீதனம். ஐயா கலியாணத்தன்று வந்து ஏறிய வீடு அது. பின்வீடு சின்னம்மாவுக்கென்று வைத்திருந்தது. அதில் சின்னம்மாவும் மாமாவும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை தான் கட்டுகிறவளின் வீட்டில் போய் இருந்துகொள்வான். கட்டாதவன் எங்கே இருப்பான் என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வருஷம் சின்னம்மாவுக்குக் கலியாணம் பொருந்தியது. பொருந்திய கிழமையே மாமா லொறியைக் கொண்டுவந்து வளவுக்குள் விட்டார்.

"வன்னிப் பக்கம் யாவாரத்துக்குப் போகப்போறன், அக்கா" என்றார். வெங்காயம், புகையிலை, பனங்கட்டி எல்லாம் கொண்டுபோய் ஊர் ஊராகக் கொடுத்து, நெல்லும் தேனும் வாங்கி வருவாராம். காட்டுப் பக்கத்தில் தங்க இடம் கிடையாது; ஆகையால் லொறியின் முதுகிலேயே படுக்க ஒரு கூடு கட்டப்போகிறாராம். அம்மா குசினிக்குள் போய்விட்டாள். பிறகு அந்த லொறியைப் பற்றி அவள் பேசியதெல்லாம் ஏச்சுத்தான். சாணம் போடாத மாடு, முற்றத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எண்ணெய் ஒழுக்கி மண்ணைக் கெடுக்கிறது.

மாமா தச்சர் அல்ல என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர் அடித்த பத்து ஆணியில் ஆறு வளைந்தது. வளைந்ததைப் பிடுங்கிப் போடுவார். நான் அதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுப்பேன். பள்ளிக்கூட விடுதலை முழுக்க எனக்கு அதுதான் வேலை. கட்டைவிரல் நகம் இரண்டு தரம் கறுத்தது. அண்ணை அந்தப் பக்கமே வரவில்லை; அவனுக்கு மாங்கொட்டை அடித்து விளையாடவே நேரம் போதவில்லை.

கூட்டின் வளைவுகளுக்குக் கமுகஞ் சலாகைகளைத் துரவுத் தண்ணீரில் நாட்கணக்காக ஊறப்போட்டு வளைத்தார். பக்கத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. அதில் இருந்த இங்கிலீசு எழுத்துக்கள் சில நேராகவும் சில தலைகீழாகவும் நின்றன. மேலே பனையோலைப் பாய், அதற்கு மேல் பட்டாளத்தாரின் பச்சைப் படங்குச் சீலை. மழைத் தண்ணீர் இறங்காமல் ஓரமெல்லாம் தார் பூசினார். உள்ளே ஒரு பக்கம் நீளமாக ஒரு வாங்கு. அது வாங்கும்தான், பெட்டியும்தான். மூடியைத் தூக்கினால் உள்ளே புகையிலைச் சிப்பம் வைக்கலாம். மூடினால் மேலே படுக்கலாம். பின்வீட்டில் நகையும் பட்டும் வைத்துப் பூட்டிய பெரிய பெட்டகத்தின் மேல்தான் மாமா இத்தனை வருஷமும் படுத்தவர். அதே நீளத்தை முழம் போட்டு அளந்துகொண்டு வந்து இங்கே வெட்டினார். மற்றப் பக்கம் வெங்காயத்துக்குக் காற்றுப் படும்படி சலாகை அடித்த தட்டுகள். வாங்கின் தலைமாட்டில் மூன்று லாச்சிகள், இழுத்து மூடலாம். மேல் லாச்சிக்குப் பூட்டும் திறப்பும் இருந்தன.

அந்த லாச்சிகளைக் கண்டதும் என் புத்தி பேதலித்தது. எங்கள் வீட்டில் எனக்கென்று இழுத்து மூட ஒன்றுமே இல்லை. இங்கேயோ படுத்தபடி கையை நீட்டினால் விளக்கு, இன்னும் கொஞ்சம் நீட்டினால் தண்ணீர்ச் செம்பு, காலை நீட்டினால் கதவு. கதவைச் சாத்தினால் உலகத்தில் ஒருவரும் கிடையாது. இப்படி ஒரு வீடு மாமாவுக்குக் கிடைத்திருக்கிறதே என்று எனக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. வளைவுகளைப் பொருத்துவதற்கு முதல்நாள் மாமா என்னைத் தூக்கித் தட்டில் நிறுத்தி, ஒரு சலாகையை மேலே வைத்துப் பிடித்தார்.

"நிமிர்ந்து நிக்கேலுமோ எண்டு பார், பிள்ளை."

"தலை முட்டுது, மாமா."

"அப்ப உன்ரை உயரத்துக்கு ஏத்துவம்."

என் உச்சந்தலையில் கையை வைத்துக் கரித்துண்டால் கோடு கீறி, அதற்கு மேல் நாலு விரல் விட்டார். எனக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நான் நிற்பதற்கென்றே கட்டுகிற கூடு; அப்படியென்றால் நான்தானே போகிறவள். தனக்குக் குனிந்து பழக்கம் என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சின்னம்மாவின் கலியாணம் முடிந்து, நாலாம் சடங்கும் முடிந்தது. சின்னம்மாவைக் கட்டிய சித்தப்பா பெரிய இரும்புப் பெட்டியோடு பின்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் சாப்பாட்டில் மாமா, முதல் பயணத்துக்குக் கையுதவியாக ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்றார். நான் வாயில் வைத்த சோற்றை விழுங்கிவிட்டு எழும்பத் தயாரானேன்.

"பெரியவனைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி" என்றாள் அம்மா. "அவன் உதெல்லாம் பழகத்தானே வேணும்."

"நான்தான் ஆணி நிமித்தினனான்" என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு வன்னியிலை என்ன வேலை? நீ வீட்டிலை இரு."

வீட்டிலே இரு என்பது தண்டனை போலத்தான் என் காதில் விழுந்தது. அண்ணை அன்று பின்னேரமே மேல் லாச்சியைப் பிடித்துக்கொண்டான். தன்னுடைய கண்ணாடிப் போளைகளையும் மொட்டைக் கத்தியையும் அதற்குள் வைத்துப் பூட்டி, திறப்பை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு என் முன்னால் நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் அது கிலுங்கியது.

இரண்டு நாள் கழித்து, பெரியவர்கள் எல்லாரும் மத்தியானம் கண்ணயர்ந்திருந்த வேளை, நான் மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வாசற் படலை சங்கடப்படலை. மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்காக மேலே கிடுகுக் கூரை போட்டது. லொறி மொட்டையாக வந்தபோது அதற்குக் கீழே சுகமாகப் புகுந்துவிட்டது. இப்போது அதன் முதுகில் என் உயரம் ஏறியிருக்கிறது. தடியால் கூட்டை அளந்து கரியால் குறி வைத்து, அதே தடியைப் படலைக்குக் கீழே நிறுத்திப் பார்த்தேன். ஆறு விரல் கூடித் தட்டியது. இரண்டாந் தரமும் பார்த்தேன், ஆறு விரல்தான். தடியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லாமல், ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, லொறியைக் கிளப்பினார்கள். அண்ணை முன்னால் ஏறி இருந்து இராசா மாதிரிக் கையசைத்தான். நான் முதலிலேயே படலையோரம் போய் நின்றுகொண்டேன். லொறியின் மூக்கு வெளியே போயிற்று; கூடு போய்க் கூரை வளையில் முட்டி நின்றது. கிடுகுத் தூசி கொட்டியது. அண்ணையின் கை அசைந்தபடியே நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

எல்லாரும் கூடிவிட்டார்கள். வேலியை வெட்டலாமா என்றார் ஐயா. வெட்டினால் பக்கத்து வளவுக்காரனோடு வழக்கில்தான் முடியும் என்று அவரே சொல்லி அதை விட்டார். சித்தப்பா நல்ல மனுசன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கூரையைப் பிரிச்சுப்போட்டுப் பிறகு போடுவம், மச்சான். எங்கடை படலைதானே."

மாமா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வருஷா வருஷம் அதற்குக் கிடுகு மாற்றியவர் அவர்தான்.

"வேண்டாம்" என்றார். "நான் வெளிக்கிடுறதுக்கு வீட்டுப் படலையைப் பிரிக்கக் கூடாது. சில்லுக்குக் காத்தைத் திறந்துவிடுவம்."

நாலு சில்லிலும் காற்றை இறக்கியும் இரண்டு விரல் தட்டியது. பாரம் ஏற்றினால் அமரும் என்று மாமா சொல்ல, ஐயா ஏறினார், சித்தப்பா ஏறினார், சிரித்துக்கொண்டு சின்னம்மா ஏறினாள், வெளியே ஒழுங்கைப் பாதையால் போன இரண்டு பேரும் ஏறினார்கள். அம்மா மட்டும் ஏற வரவில்லை. கடைசியாக என்னையும் தூக்கிப் போட்டார்கள். ஆணி நிமிர்த்தியவள் பாரமாகத்தான் அதற்குள் ஏற முடிந்தது. படங்கு வளையில் உரசிக்கொண்டு போக, எல்லாரும் தலையைக் குனிந்து மூச்சைப் பிடித்திருக்க, லொறி வெளியே வந்துவிட்டது. என் ஆறு விரல் அத்தோடு சரி.

ஒழுங்கையில் எல்லாரும் இறங்கினார்கள். நான் வாங்கின் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஐயாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் காற்று அடித்து முடியுமட்டும் விட்டுப் பார்த்துவிட்டு, மாமா உள்ளே வந்து பக்கத்தில் குந்தினார்.

"இறங்கு பிள்ளை, நேரம் போகுது."

"என்ரை உயரத்துக்குத்தானே கட்டினனீங்கள்."

"ஓம், உன்ரை உயரத்துக்குத்தான். ஆனா உனக்கு அங்கை பெரிய வீடே கிடக்கு. நாளைக்கு அது உன்ரை வீடெல்லோ."

"எனக்கு அந்த வீடு வேண்டாம். இதைத் தாங்கோ. நீங்கள் போய் அந்த வீட்டிலை இருங்கோ."

வெளியில் நின்றவர்களின் காதிலும் அது விழுந்தது. மாமா சிரிப்பதற்கு முகத்தை ஆயத்தம் செய்தார், சிரிப்பு வரவில்லை. அதற்குள் அம்மா ஏறிவந்து என் கன்னத்தில் அறைந்தாள். அம்மா என்னைத் திட்டுவாள், காதைத் திருகுவாள்; அறைந்தது அதுதான் முதல்.

"அடியாதை, அக்கா" என்றார் மாமா. "அவள் ஒண்டும் பிழையாக் கேக்கேல்லை."

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். லொறி ஒழுங்கையை விட்டுப் பருத்தித்துறை றோட்டில் ஏறி மறைந்த பிறகும் அவள் படலையடியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தாள். என்னை அடித்த கவலையில் அழுகிறாள் என்று நினைத்தேன். நன்றாக அழட்டும் என்றும் நினைத்தேன்.

அண்ணை பத்தாம் நாள் ஒரு போத்தல் தேனும் வாய் நிறையப் பெருமையுமாகத் திரும்பி வந்தான். மாமா ஊருக்கு வந்து நிற்கும் நாட்களிலும் ஒழுங்கையில் லொறியை விட்டுவிட்டு அதற்குள்ளேயே படுத்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், கைகழுவிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கூட்டை விட்டுப் பிரிய அவருக்கு மனமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன் என்று அதற்கும் எரிந்தேன்.

லொறி போன அன்றைக்குக் கன்னம் எரிய எரிய நான் ஒழுங்கை முகப்பிலிருந்த வைரவரிடம் ஓடிப்போய், அண்ணை இனிமேல் இந்த வீட்டுக்கு வரக்கூடாது, கூடு கிடைக்காவிட்டால் வீடு முழுக்க எனக்கு மட்டும் வேணும் என்று கும்பிட்டேன். பத்தாம் நாள் அவன் வந்து நின்றதும், வைரவர் ஏமாற்றிவிட்டார் என்று அவருக்குப் பூ வைப்பதை நிறுத்தினேன். முன்வீடு நான் பிறந்த அன்றே எனக்கென்று ஆகிவிட்டதும், அண்ணை அதில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போகவேண்டியவன் என்பதும், அதை அறிந்துதான் அம்மா அவனைப் பழக அனுப்பினாள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் யாரையும் கும்பிட்டிருக்கவே தேவையில்லை.